எப்போது வந்தது என்று கேளுங்கள்: கர்ப்பமும் ஹெர்பிஸ் குடும்ப வைரஸ்களும்

கொங்கு நாட்டில் ஒரு பெண்ணுக்குக் கரு கலைந்துவிட்டால், பெரும்பாலும் அடுத்த சில வாரங்களில் அவள் கையில் ஒரு பரிசோதனைச் சீட்டு இருக்கும். ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி, தாராபுரம் என எந்த ஊர் ஆய்வகத்தில் கேட்டாலும் 'டார்ச்' என்ற ரத்தப் பரிசோதனை என்றால் தெரியும். ரத்தம் கொடுத்த பிறகு வரும் தாளில் சில வரிகள். அவற்றில் இரண்டு மூன்று வரிகளுக்கு எதிரே 'பாசிட்டிவ்' என்ற தடித்த எழுத்து. ஒரு வரி சைட்டோமெகலோ வைரஸ், இன்னொரு வரி ஹெர்பிஸ். அதன் பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். பெண்ணுக்கு ஏதோ கிருமி இருக்கிறதாம் என்ற பேச்சு சம்பந்தி வீடு வரை போகும். கரு கலைந்த துக்கம் போதாதென்று, அதற்குத் தானே காரணம் என்ற குற்றவுணர்வையும் அவள் சுமப்பாள்.

அந்தத் தாள் பெரும்பாலும் கரு ஏன் கலைந்தது என்பதைச் சொல்வதில்லை. அந்தப் பெண்ணுக்குச் சிறுவயதில் எப்போதோ வந்துபோன ஒரு தொற்றைச் சொல்கிறது. ஹெர்பிஸ் குடும்ப வைரஸ்களும் கர்ப்பமும் பற்றி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஆராய்ச்சிகளைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான். உடம்பில் இந்த வைரஸ் இருக்கிறதா என்ற கேள்வி தனியாக நமக்கு எதையும் சொல்லாது. எப்போது வந்தது, முதல்முறையாக வந்ததா, கர்ப்பத்தின் எந்த வாரத்தில் வந்தது என்பவைதான் ஆபத்தைத் தீர்மானிக்கின்றன.

டார்ச் என்ற தொகுப்புப் பெயரை 1971-இல் உருவாக்கியவர் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஆந்திரே நாமியாஸ். டாக்ஸோபிளாஸ்மா, ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்பிஸ் ஆகிய தொற்றுகள் பிறந்த குழந்தையிடம் ஏறக்குறைய ஒரே மாதிரியான அடையாளங்களைக் காட்டுகின்றன: சிறுத்த தலை, மஞ்சள் காமாலை, வீங்கிய கல்லீரல், தோலில் ரத்தப் புள்ளிகள். அப்படிப்பட்ட குழந்தை பிறந்தால் இவை அனைத்தையும் நினைவில் கொள்ளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொல்லவே அவர் அந்தப் பெயரை வைத்தார். கரு கலைந்த தாயின் ரத்தத்தைச் சோதிக்க வைத்த பெயர் அது அன்று. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் கழகம், தொடர் கருச்சிதைவு பற்றிய தன் வழிகாட்டியில் 2003-ஆம் ஆண்டிலேயே இந்தப் பரிசோதனையைக் கைவிட வேண்டும் என்று எழுதிவிட்டது. காரணம் எளிமையானது. ஒரு தொற்று மீண்டும் மீண்டும் கருவைக் கலைக்க வேண்டுமானால், அது பிறப்புறுப்புப் பாதையில் நிலையாகத் தங்கியிருக்க வேண்டும்; யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்கவும் வேண்டும். டார்ச் பட்டியலில் உள்ள எந்தத் தொற்றும் அப்படி நடந்துகொள்வதில்லை.

தாளில் வரும் இரண்டு சொற்களைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். இரண்டும் கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள். ஐஜிஜி என்பது பழைய தொற்றின் தடம். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் ரத்தத்தில் இருக்கும். ஐஜிஎம் என்பது புதிய தொற்றின்போது முதலில் எழும் எதிர்ப்பொருள். ஆனால் அதுவும் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேல்கூட, நீடிக்கும். வேறு தொற்றுகளின்போது பொய்யாகவும் தலைகாட்டும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 'அவிடிட்டி' என்ற இன்னொரு சோதனை இருக்கிறது. ஐஜிஜி எதிர்ப்பொருள் வைரஸை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்பதை அது அளக்கிறது. பிடி தளர்வாக இருந்தால் தொற்று கடந்த மூன்று நான்கு மாதங்களுக்குள் வந்திருக்கக்கூடும். முதல் மூன்று மாதக் கர்ப்பத்தில் எடுத்த ரத்தத்தில் பிடி இறுக்கமாக இருந்தால், தொற்று கருத்தரிப்பதற்கு முன்பே வந்தது என்று நிம்மதி கொள்ளலாம். எப்போது என்ற கேள்விக்கு விடை சொல்ல முயலும் சோதனை இதுதான். இதைப் பார்க்காமல் வெறும் 'பாசிட்டிவ்' என்பதை வைத்து ஒரு பெண்ணுக்கு மாத்திரை எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதனால் குடும்பங்கள் உடைகின்றன. பல டார்ச் தாள்களில் ஹெர்பிஸ் ஒன்று, இரண்டு என்ற இரு வகைகளையும் சேர்த்து ஒரே வரியாகப் போடுகிறார்கள். ஹெர்பிஸ் ஒன்று பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுப் பெரியவர்களின் எச்சில் வழியாகவே வருகிறது. காய்ச்சல் வந்தால் உதட்டோரம் கொப்புளம் போடுகிறதே, அதுதான் அது. இந்த வரியில் 'பாசிட்டிவ்' என்று வந்தவுடன் இது பாலியல் நோய் என்று இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, பெண்ணின் நடத்தையைப் பற்றிக் கேள்வி எழுப்புவது கொடுமை. அந்தத் தாள் அப்படி எதையும் சொல்லவே இல்லை.

மனிதரைத் தொற்றும் ஹெர்பிஸ் குடும்பத்தில் எட்டு வகைகள் என்பது வழக்கமான கணக்கு. இவற்றுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. முதல் தொற்று ஆறிய பிறகும் உடம்பை விட்டுப் போகாது. கோரையை எத்தனை முறை கொத்தி எடுத்தாலும் கிழங்கு மண்ணுக்குள் கிடந்து ஒரு மழைக்கு மறுபடி முளைப்பதைப்போல, உடம்பின் எதிர்ப்பு சற்றுத் தளரும்போது மீண்டும் தலையெடுக்கும். ஒன்று, இரண்டு என்ற இரு வகைகளும் சேர்ந்த சாதாரண ஹெர்பிஸும் சின்னம்மை வைரஸும் நரம்பு முடிச்சுகளில் ஒளிந்துகொள்கின்றன. சைட்டோமெகலோ வைரஸ் எலும்பு மஜ்ஜையில், வெள்ளணுக்கள் உருவாகும் இடத்தில் பதுங்குகிறது. இந்த மூன்றும்தான் கர்ப்பத்தில் உண்மையிலேயே கவனிக்க வேண்டியவை.

முதலில் அம்மையை எடுத்துக்கொள்கிறேன், அது நமக்கு நன்றாகத் தெரிந்தது என்பதால்.

மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில்தான் இங்கே சின்னம்மை அதிகம். ஈரோடு பெரிய மாரியம்மன் கோயிலில் பெண்கள் கம்பத்துக்கு மஞ்சள் நீர் ஊற்றுவதும், பண்ணாரியில் குண்டம் இறங்குவதும் அதே பருவத்தில்தான். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியாட்கள் வர மாட்டார்கள். அந்த வீட்டுக்காரர்களும் பிறர் வீடுகளுக்குப் போக மாட்டார்கள். தடுப்பூசியை விட்டுவிட்டால், தொற்றைத் தடுக்கும் வழிகளில் இதைவிடச் சிறந்த ஒன்றை நவீன மருத்துவமும் சொல்வதற்கில்லை. ஒரே ஒரு இடைவெளி உண்டு. கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே வைரஸ் பரவத் தொடங்கிவிடும். வேப்பிலை செருகும்போது வீட்டிலிருக்கும் கர்ப்பிணி ஏற்கெனவே அதைச் சுவாசித்திருப்பாள்.

வெப்ப நாடுகளில் இந்த நோய்க்கு ஒரு தனிப் போக்கு இருக்கிறது. குளிர் நாடுகளில் தடுப்பூசி வருவதற்கு முன்பு பத்து வயதுக்குள் அநேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும் சின்னம்மை வந்துபோய்விடும். நம்மைப் போன்ற வெப்பப் பகுதிகளில் பலர் அம்மை காணாமலேயே இருபது வயதைத் தாண்டிவிடுகிறார்கள். எனவே, கர்ப்பகாலத்தில் முதல்முறையாக அம்மை காணும் பெண்கள் இங்கே அபூர்வம் அல்லர்.

அப்படி வந்தால் கருவுக்கு என்ன ஆகும்? 1947-இல் லாபரே, லிஞ்ச் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், கர்ப்பத்தில் அம்மை கண்ட தாய்க்குக் குறைகளோடு பிறந்த ஒரு குழந்தையைப் பற்றி முதன்முதலாக எழுதினார்கள். சூம்பிய கை கால், தோலில் தழும்பு, கண், மூளைப் பாதிப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். ஆனால் எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது என்பது நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. ஜெர்மனியின் கிசேலா என்டர்ஸ் தலைமையில் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் கர்ப்பத்தில் சின்னம்மை கண்ட 1,373 பெண்களைத் தொடர்ந்து கவனித்து, 1994-இல் முடிவு வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்ட குழந்தைகள் 9. பதின்மூன்று வாரத்துக்கு முன் தாய்க்கு அம்மை வந்தால் ஆபத்து 0.4 விழுக்காடு, 13 முதல் 20 வாரத்துக்குள் வந்தால் 2 விழுக்காடு. இருபது வாரத்தைத் தாண்டி வந்த அம்மையால் இந்தக் குறைகள் அவர்கள் கண்ட யாருக்கும் ஏற்படவில்லை. அக்கி கண்ட 366 பெண்களின் குழந்தைகளில் ஒருவருக்கும் பாதிப்பு இல்லை.

அக்கி என்பது பழைய சின்னம்மை வைரஸ் நரம்பிலிருந்து மறுபடி எழுவது. தாயிடம் ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் இருப்பதால் கரு தப்பிக்கிறது. கர்ப்பிணிக்கு அக்கி வந்தால் மண்பாண்டம் செய்பவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. எழுதிக்கொள்ளட்டும், கூடவே மருத்துவரையும் பார்க்கட்டும். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று கலங்க வேண்டியதில்லை.

சின்னம்மையில் நான் உண்மையாகக் கவலைப்படுவது தாயைப் பற்றியும் பிரசவ நாளைப் பற்றியும்தான். கர்ப்பிணிக்கு அம்மை கண்டால் நுரையீரல் அழற்சி வரலாம். கர்ப்பத்தின் பிற்பகுதியில் அது உயிருக்கே உலை வைக்கும். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்பு வரை தாய்க்குக் கொப்புளம் தோன்றினால் குழந்தைக்குப் பெரும் ஆபத்து. தாயின் எதிர்ப்பொருள் உருவாகி நச்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய்ச் சேர அவகாசம் இல்லாமல், வைரஸ் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கும். மருந்து இல்லாத காலத்தில் இப்படிப் பாதிக்கப்பட்ட குழந்தைகளில் 30 விழுக்காடு வரை இறந்தார்கள். இன்று பிறந்தவுடன் எதிர்ப்பொருள் ஊசி போடலாம், நோய் கண்டால் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுக்கலாம்.

கர்ப்பிணிக்கும் அசைக்ளோவிர் கொடுக்கலாம். கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை ஆங்கில மருந்து தொடக் கூடாது என்று காத்திருப்பது இந்த ஓர் இடத்தில் மட்டும் ஆபத்தாகிவிடுகிறது. அம்மன் மேல் உள்ள பக்திக்கும் மாத்திரைக்கும் எந்தப் பகையும் இல்லை. பொங்கல் வைக்க வேண்டிக்கொண்டே முதல் நாளே மருந்தும் சாப்பிடலாம் என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியர்கள் வீடு வீடாகச் சொன்னால் உயிர்கள் பிழைக்கும். மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்து கருவைப் பாதிக்குமோ என்ற அச்சத்துக்கு டென்மார்க்கிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. அங்கே 8,37,795 பிறப்புகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். முதல் மூன்று மாதத்தில் அசைக்ளோவிர் வகை மருந்து எடுத்தவர்களின் குழந்தைகளில் பிறவிக் குறைபாடு 2.2 விழுக்காடு, எடுக்காதவர்களிடம் 2.4 விழுக்காடு. மருந்தால் கூடுதல் கேடு இல்லை.

சின்னம்மைத் தடுப்பூசியை ஜப்பானின் மிச்சியாக்கி தகஹாஷி 1974-இல் உருவாக்கிவிட்டார். நம் அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் அது இன்னும் சேரவில்லை. விலை கொடுத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். உயிருள்ள வைரஸ் கொண்ட ஊசி என்பதால் கர்ப்பத்தில் போடக் கூடாது. போட்ட பிறகு ஒரு மாதமாவது கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். அம்மை காணாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு தொடங்கும்போதே இந்த ஊசியைப் பற்றி யோசிப்பது நகை, பாத்திரத்தைப் பற்றி யோசிப்பதை விட முக்கியம் என்று நான் கருதுகிறேன்.

சாதாரண ஹெர்பிஸின் கதை வேறு. இது கருப்பையில் இருக்கும் குழந்தையைத் தாக்குவது மிக அரிது. ஆபத்து பிறக்கும் வழியிலும், பிறந்த பிறகு கொஞ்சும் கைகளிலும் வாய்களிலும் இருக்கிறது. சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேன் பிரவுன் குழுவினர் ஆண்டுக்கணக்கில் இதை ஆராய்ந்தார்கள். 58,362 கர்ப்பிணிகளை வைத்து அவர்கள் செய்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. பிரசவ நேரத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருந்த 202 பெண்களில் 10 பேரின் குழந்தைகளுக்குத் தொற்று வந்தது. இயல்பான பிரசவத்தில் 7.7 விழுக்காடு, சிசேரியனில் 1.2 விழுக்காடு. இங்கேயும் முதல் தொற்றா, பழைய தொற்றா என்பதே முக்கியம். பிரசவத்தை ஒட்டி முதன்முறையாகப் பிறப்புறுப்பில் ஹெர்பிஸ் கண்ட தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்ற 30 முதல் 50 விழுக்காடு வாய்ப்பு. பல ஆண்டுகளாக அவ்வப்போது வந்துபோகும் பெண்ணிடமிருந்து ஓரிரு விழுக்காடுதான், பெரும்பாலும் அதற்கும் குறைவு. அவளுடைய எதிர்ப்பொருள்கள் ஏற்கெனவே குழந்தையின் ரத்தத்தில் காவல் நிற்கின்றன. முன்பே இந்தப் பிரச்சினை உள்ளவர் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிட்டால், 36-ஆவது வாரத்திலிருந்து மாத்திரை கொடுத்து, பிரசவ நாளில் கொப்புளம் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 14,000 பச்சிளங்குழந்தைகளுக்கு இந்தத் தொற்று வருகிறது என்பது 2017-இல் வெளிவந்த மதிப்பீடு. எண்ணிக்கை சிறியது, நோய் கொடியது. உடல் முழுதும் பரவிய நிலையில் சிகிச்சை இல்லையென்றால் பத்தில் எட்டுக் குழந்தைகளுக்கு மேல் இறந்துவிடுகின்றன. இதில் சுமார் பத்தில் ஒரு பங்கு பிறந்த பிறகு வருவது. நம் வழக்கங்கள் குறுக்கிடும் இடம் இதுதான். குழந்தை பிறந்தவுடன் குடும்பத்தில் நல்ல குணமுள்ள ஒருவர் சேனை வைக்க வேண்டும் என்று விரலால் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ குழந்தையின் நாக்கில் தடவுவது இங்கே ஆழமாக வேரூன்றிய ஆசை. அவர் உதட்டில் அன்று ஒரு காய்ச்சல் கொப்புளம் இருந்து, அதைத் தொட்ட விரல் குழந்தையின் வாய்க்குள் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். குழந்தை பார்க்க வருகிறவர்களின் முத்தமும் அப்படித்தான். உதட்டில் புண் உள்ளவர், அமுச்சியோ அப்பிச்சியோ பெற்ற தந்தையோ, அது காய்ந்து உதிரும் வரை குழந்தையை முத்தமிடாமல் இருக்க வேண்டும். முதல் நான்கு வாரத்தில் குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, வலிப்பு வந்தாலோ, தோலில் நீர்க் கொப்புளம் தெரிந்தாலோ ஒரு மணி நேரமும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த எப்ஸ்டீன் பார் வைரஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கர்ப்பத்தில் அது கருவைக் கெடுக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆறாம் வகை ஹெர்பிஸ் விநோதமானது. நூறில் ஒருவருக்கு அதன் மரபுப்பொருள் குரோமோசோமிலேயே பதிந்து, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பரம்பரையாக வருகிறது. அப்படி வைரஸைச் சுமந்த கருவை வயிற்றில் தாங்கும் தாய்க்கு, ரத்த அழுத்தம் உயர்ந்து வரும் கர்ப்பகால நோயான ப்ரீ எக்லாம்ப்சியா வரும் வாய்ப்பு கூடுகிறது என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2020-இல் காட்டினார்கள். இது வளர்ந்துவரும் துறை. இதை வைத்து இன்று யாரும் எந்தச் சோதனையும் செய்துகொள்ள வேண்டியதில்லை.

மிச்சமிருப்பது சைட்டோமெகலோ வைரஸ். பெயர் பழக்கமில்லாதது, உலகிலேயே அதிகமாகக் கருவைத் தொற்றும் வைரஸ் இதுதான். நம் நாட்டில் குழந்தை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இது ஏற்கெனவே வந்துபோயிருக்கிறது. தாய்ப்பால் வழியாக, சிறுவயதில் பிற குழந்தைகளின் எச்சில் வழியாக, எந்த அடையாளமும் இல்லாமல். எனவேதான் டார்ச் தாளில் இந்த ஐஜிஜி வரி ஏறக்குறைய எல்லாருக்கும் 'பாசிட்டிவ்' என்று வருகிறது.

மேற்கு நாடுகளின் ஆராய்ச்சி பெரும்பாலும் இது வராத பெண்களைப் பற்றியது. அங்கே பாதிப் பேர் வரை வைரஸைச் சந்திக்காமலேயே கருத்தரிக்கிறார்கள். கர்ப்பத்தில் முதல்முறையாகத் தொற்று வந்தால், முதல் மூன்று மாதங்களில் கருவுக்குப் போகும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். கடைசி மூன்று மாதங்களில் மூன்றில் இரண்டு. ஆனால் கடுமையான பாதிப்பு முதல் மூன்று மாதத் தொற்றில்தான். கடைசியில் வந்தால் பெரும்பாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆவதில்லை. இஸ்ரேலில் கருத்தரித்த சமயத்திலோ முதல் மூன்று மாதங்களிலோ முதல் தொற்று கண்ட பெண்களுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் வாலசைக்ளோவிர் கொடுத்துப் பார்த்தார்கள். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் தினம் பதினாறு. 2020-இல் வந்த முடிவில், மருந்து எடுத்தவர்களில் 11 விழுக்காட்டினரின் கருவுக்கும், எடுக்காதவர்களில் 30 விழுக்காட்டினரின் கருவுக்கும் தொற்று போயிருந்தது. இந்தத் துறையில் பல ஆண்டுகளில் கிடைத்த பெரிய நம்பிக்கை இது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் புதிதாகத் தொற்று கண்டவர்கள் என்பதை மறந்துவிட்டு, பழைய ஐஜிஜி உள்ள பெண்ணுக்கு இந்த மாத்திரையை எழுத அதில் எந்த நியாயமும் இல்லை.

ஏற்கெனவே வந்த தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூறில் ஒன்று அளவுதான். அப்படியென்றால் நமக்குக் கவலையில்லை என்று நெடுங்காலம் நினைத்தார்கள். அது தவறு என்று கணக்குகள் காட்டின. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2021-இல் வெளியிட்ட தொகுப்பில், வசதியான நாடுகளில் பிறவித் தொற்று 0.48 விழுக்காடு, ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் 1.42 விழுக்காடு. எதிர்ப்பாற்றல் உள்ள தாய்மார் அதிகமுள்ள நாடுகளில்தான் தொற்றோடு பிறக்கும் குழந்தைகளும் அதிகம்! டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த லலித் தார் உள்ளிட்டோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதை நம் மண்ணிலேயே காட்டியது. ஒரு சிறுநகர்ப் பகுதியில் 423 பச்சிளங்குழந்தைகளைச் சோதித்ததில் 9 பேருக்குப் பிறவித் தொற்று. அங்கே தாய்மாரில் 99 விழுக்காட்டினருக்கு முன்பே எதிர்ப்பொருள் இருந்தது. ஒவ்வொரு தாய்க்கும் ஆபத்து சிறிது. தாய்மார் எண்ணிக்கையோ பெரிது.

எதிர்ப்பாற்றல் இருந்தும் எப்படித் தொற்றுகிறது? ஒளிந்திருந்த வைரஸ் மீண்டும் எழலாம். வைரஸின் வேறொரு வகை புதிதாக வந்து தொற்றலாம் என்பதை அலபாமா பல்கலைக்கழகத்தின் சுரேஷ் பொப்பனா குழு 2001-இல் காட்டியது. தொற்றோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார் 16 பேரில் 10 பேரிடம் புதிய வகைக்கு எதிரான எதிர்ப்பொருள் முளைத்திருந்தது. தொற்றில்லாத குழந்தைகளின் தாய்மார் 30 பேரில் 4 பேரிடம்தான். தடுப்பூசி செய்வது ஏன் இவ்வளவு கடினம் என்பதும் இதில் புரிகிறது. இயற்கையான தொற்றே முழுக் காவல் தராதபோது, ஊசி எப்படித் தரும்? மாடர்னா நிறுவனத்தின் தடுப்பூசி 2025 அக்டோபரில் தன் மூன்றாம் கட்டப் பரிசோதனையில் தோற்றது.

ஆகவே, இப்போதைக்குக் கையில் இருப்பது கை கழுவுதல்தான். சின்னக் குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் இந்த வைரஸ் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட வெளியேறிக்கொண்டிருக்கும். இரண்டு வயது மூத்த பிள்ளையை வைத்துக்கொண்டு இரண்டாவதைச் சுமக்கும் தாய், அங்கன்வாடியில் வேலை செய்யும் கர்ப்பிணி, திருப்பூர் பின்னலாடை ஆலையின் குழந்தைகள் காப்பகத்தில் பணிபுரியும் பெண் ஆகியோர்தான் இதை அதிகம் எதிர்கொள்பவர்கள். பிள்ளை கடித்து வைத்த முறுக்கை, பாதி குடித்த பாலை வீணாக்க மனமில்லாமல் அம்மா சாப்பிடுவது நம் வீடுகளில் இயல்பு. கர்ப்பகாலத்தில் மட்டும் அதை விட்டுவிடலாம். உதட்டில் முத்தம் கொடுக்காமல் நெற்றியில் கொடுக்கலாம். சிறுநீர் துணி மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவலாம். இத்தாலியில் முன்பு தொற்று வராத கர்ப்பிணிகளுக்கு இவற்றைச் சொல்லிக் கொடுத்தபோது புதிய தொற்று 1.2 விழுக்காடு, சொல்லிக் கொடுக்காத பெண்களிடம் 7.6 விழுக்காடு என்று 2015-இல் வெளியிட்டார்கள். ஏற்கெனவே தொற்று உள்ள நம் பெண்களிடமும் புதிய வகையை இது எவ்வளவு தடுக்கும் என்பதை ஆராய வேண்டிய இடம் கொங்கு நாட்டைப் போன்ற பகுதிகள்தான். நல்ல மருத்துவக் கல்லூரிகள், பதிவேட்டில் ஏறிய கர்ப்பிணிகள், வீடு தேடி வரும் செவிலியர்கள் என எல்லாம் இங்கே இருக்கின்றன.

தொற்றோடு பிறக்கும் குழந்தைகளில் சுமார் பத்தில் ஒன்றுக்குத்தான் பிறக்கும்போதே அடையாளம் தெரியும். மீதிக் குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. ஆனால் அவர்களிலும் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்குப் பிற்பாடு காது கேட்கும் திறன் குறைகிறது. சிலருக்கு ஓரிரு ஆண்டுகள் கழித்து. நம் பக்கம் குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்றால், சொந்தத்துக்குள் கட்டியதால் வந்தது என்று முடித்துவிடுகிறார்கள். பல வீடுகளில் அது உண்மைதான். ஆனால் சொந்தத்தில் கட்டாத வீட்டுக் குழந்தைக்கும் காது கேட்காமல் போகிறது. அங்கே இந்த வைரஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

கேட்பதற்குக் காலக்கெடு இருக்கிறது. பிறந்த 21 நாட்களுக்குள் குழந்தையின் சிறுநீரையோ எச்சிலையோ பிசிஆர் முறையில் சோதித்தால்தான் இது வயிற்றிலேயே வந்த தொற்று என்று சொல்ல முடியும். அதன் பிறகு தாய்ப்பால் வழியாக வந்ததா, பிறவியிலேயே இருந்ததா என்று பிரிக்க வழியில்லாமல் போகும். தாய்ப்பாலில் உள்ள வைரஸ் எச்சிலில் கலந்திருக்கலாம் என்பதால் சிறுநீரில் உறுதி செய்வது நல்லது. கனடாவின் ஒன்டாரியோ 2019-லும், அமெரிக்காவின் மினசோட்டா 2023-லும் பிறக்கும் எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கத் தொடங்கிவிட்டன. நம்மால் உடனே அதைச் செய்ய முடியாது. பிறந்தவுடன் செய்யும் செவித்திறன் சோதனையில் தேறாத குழந்தைக்கு மட்டுமாவது செய்யலாம். அந்தச் சோதனையில் தேறவில்லை என்றால், ஒரு மாதம் கழித்து மறுபடி வாருங்கள் என்று சொல்லி அனுப்பும்போது 21 நாள் கடந்துவிடுகிறது. முதல் பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போயிருப்பாள். சோதனை செய்த மருத்துவமனை ஓர் ஊரிலும், குழந்தை வளரும் வீடு வேறோர் ஊரிலும் இருக்கும். மறுசோதனை இரண்டுக்கும் நடுவில் தொலைந்துவிடும்.

அடையாளங்களோடு பிறந்த குழந்தைக்கு முதல் மாதத்துக்குள் வால்கான்சைக்ளோவிர் தொடங்கி ஆறு மாதம் கொடுத்தால், இரண்டு வயதில் செவித்திறனும் வளர்ச்சியும் ஓரளவு மேம்படுகின்றன என்று டேவிட் கிம்பர்லின் குழுவினர் 2015-இல் வெளியிட்டார்கள். வெள்ளணுக்களைக் குறைக்கும் மருந்து என்பதால் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். மருந்து தேவைப்படாத குழந்தைக்கும் தொற்று உறுதியானால் தொடர்ந்து காதைச் சோதித்துவர வேண்டும் என்று தெரிந்துவிடும். கேட்கும் திறன் குறையத் தொடங்கியதுமே கருவி பொருத்தலாம். முற்றிலும் கேட்காத குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. பேச்சு வரும் பருவம் கடந்த பிறகு கொண்டுபோனால் பலன் குறைவு. செவித்திறன் சோதனையில் குழந்தை தேறவில்லை என்று சொன்ன அன்றே, சிறுநீரில் சைட்டோமெகலோ வைரஸ் பார்க்க முடியுமா என்று பெற்றோர் கேட்க வேண்டும். கரு கலைந்த தாயின் ரத்தத்தில் தேடுவதற்குச் செலவிடும் பணத்தை இந்த ஒரு சோதனைக்குச் செலவிடலாம்.